பேசின் தண்ணீர் திரும்பி வந்த வீடு

இப்போது பைப் வேலைக்கு வருகிற தம்பிமாரின் பையில் லேசர் மட்டம் இருக்கிறது. பொத்தானை அமத்தினால் சுவரில் சிவப்புக் கோடு விழுகிறது. எங்களிடம் இருந்தது இரண்டடி நீர்மட்டமும் ஒரு பந்து நூலும்தான். உங்கள் சாமானைப் பார்த்துப் பொறாமைப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது, அது வேறு கதை.

போன மாதம் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "அண்ணை, எங்கட சங்க மலருக்கு உங்கட அனுபவத்தில ஒண்டு எழுதித் தாங்கோ. நீங்கள் செய்த பெரிய வேலை ஏதாவது" என்று கேட்டீர்கள். பெரிய வேலை என்று என்னிடம் ஒன்றும் இல்லை. பைப் வேலைக்காரன் நன்றாகச் செய்த வேலையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தண்ணீர் பேசாமல் போகும், வீட்டுக்காரரும் பேசாமல் இருப்பார்கள். பிழையாய்ப் போன வேலைதான் நினைவில் நிற்கும். முகம் கழுவுகிற ஒரு பேசினில் நான் விட்ட பிழையை எழுதுகிறேன். விருப்பமென்றால் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே நாற்பது வயதில்தான். சண்டை முடிந்து வவுனியாப் பக்கத்து முகாமில் இருந்தபோது, அங்கே தண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வேலைக்கு ஆள் காணாது என்று என்னையும் பிடித்து வைத்துக்கொண்டார். சரியான கோபக்காரர். எல்போ ஒன்றைத் திருப்பிப் பூட்டினால் அதாலேயே தலையில் போடுவார். ஊர் திரும்பிய பிறகும் இரண்டு வருசம் அவரோடுதான் புளியங்குளம் தொடக்கம் முல்லைத்தீவு மட்டும் வீடு வீடாகத் திரிந்தேன். எந்த வீட்டு வளவுக்குள் கால் வைத்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். தேத்தண்ணி வர முன்னமே கேட்டுவிடுவார்.

"பங்கர் எங்க கிடந்தது?"

உங்களில் சிலர் அந்த நேரம் சின்னப் பிள்ளைகள், சிலர் கைக்குழந்தைகள். ஆகவே சொல்லிவிடுகிறேன். செல் குண்டு விழுகிற நாட்களில் ஒவ்வொரு வளவிலும் ஆள் இறங்கி ஒளிக்க நிலத்தில் வெட்டிய கிடங்கு ஒன்று இருந்தது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண் மூட்டை போட்டிருப்போம். திரும்பி வந்த பிறகு எல்லாரும் தங்கள் தங்கள் பங்கரை மூடினார்கள். மூடிய மண் மண்ணாகாது தம்பிமார். ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கும். குற்றி உக்க உக்க இன்னும் இறங்கும். அதற்கு மேலே கழிவுநீர்ப் பைப் கொண்டுபோனால், தண்ணீர் ஓட நீங்கள் சரித்துக் கொடுத்த வாட்டம் போய்விடும். பைப் நடுவிலே தொய்ந்து, தண்ணீர் அங்கேயே தேங்கி, பிறகு வந்த வழிக்குத் திரும்பும்.

அதனால் கேட்போம். கேட்டால் சொல்வார்கள். "அந்தா, அந்த மாமரத்துக்கு இங்கால" என்று கையைக் காட்டுவார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம். நூறு வீட்டில் கேட்டிருப்பேன். ஒரே ஒரு வீட்டில் கேட்கவில்லை.

அது புதுக்குடியிருப்பில் இருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிற வீட்டுத்திட்ட வீடு. வீட்டில் இரண்டே பேர். ஒரு அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும். மகள் வதனி, முப்பது வயதுக்கு மேல். வதனிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பதினேழு வயதில் செல் துண்டு முதுகில் பட்டது. வீல்செயாரில்தான் இருப்பாள். இருந்தபடியே முன் ஹோலில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கிறாள். பாட்டுக்காரியின் தொண்டை மாதிரி ஒரு தொண்டை, பின் வளவில் நின்றாலும் அட்சரகணிதச் சமன்பாடு விளங்கும்.

என்னைக் கூப்பிட்டது பின்னறையைப் பிரித்து அவளுக்கென்று ஒரு பாத்ரூம் செய்ய. அதுவரைக்கும் காலையில் அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கோப்பையால் ஊற்றி, மகள் துப்புவதை ஒரு பிளாஸ்ரிக் பாத்திரத்தில் ஏந்தி எடுப்பார். பதின்மூன்று வருசமாக அப்படித்தான். இப்போது அம்மாவின் வயிற்றில் ஒரு கட்டி. பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் கார்த்திகையில் திகதி கொடுத்திருந்தார்கள். போனால் ஒரு மாதமாவது ஆகும். பகலில் சமைத்துக் கொடுக்கத் தங்கை மகள் வந்துபோவாள், விடிய எழும்பினால் வதனி தனிய.

முதல் நாளே அந்த அம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

"தம்பி, கொமட், சவர் எல்லாம் எப்பிடியும் செய்யுங்கோ. அந்தப் பேசின் மட்டும் பிழைக்கக் கூடாது. பிள்ளை தன்ர முகத்தைத் தானே கழுவுறதை என்ர கண்ணால பாத்திட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவன்."

"ரெண்டு கிழமையில முடிச்சுத் தாறன் அம்மா. நீங்கள் பாத்திட்டே போங்கோ" என்றேன். அந்த வாக்கை எவ்வளவு லேசாகக் கொடுத்தேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீல்செயாரில் இருந்தபடியே கை எட்ட வேண்டும் என்பதால் பேசினைத் தாழப் பதித்தே வைக்க வேண்டியிருந்தது. வீல்செயார்க் கதிரை திரும்ப இடம் வேண்டும் என்பதால் கொமட் ஒரு சுவரிலும் பேசின் எதிர்ச்சுவரிலும் வந்தன. கொமட் பைப் மற்றப் பக்கத்தால் போனது, அதில் ஒரு குறையும் வரவில்லை. சிக்கல் பேசினில். பேசின் பதிந்தால் பைப்பும் பதியும். வீட்டுத்திட்டத்தில் கழிவுநீருக்குக் கட்டிய ஊறல் குழி வளவின் பின் மூலையில் இருந்தது, அதன் வாய் இன்ன உயரம் என்று ஏற்கனவே கட்டி முடித்திருந்தார்கள். ஆகவே வாட்டத்துக்கு என் கையில் இருந்தது கொஞ்சம்தான். நேர்கோட்டில் போனால் அடிக்குக் கால் அங்குலம் மட்டுமட்டாய் வரும். வளைந்தால் வராது.

நான் நூல் கட்டுகிறபோது இரண்டு பேரும் பின்வாசலில் இருந்தார்கள். கேள்வி என் வாய்வரைக்கும் வந்தது. பங்கர் எங்கே கிடந்தது? அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்கிறாள். எங்கே காயப்பட்டாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சொல்லை அவளுக்கு முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன். புது வீடு, மிசின் போட்டு மட்டப்படுத்திக் கட்டிய நிலம், என்ன இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அன்றைக்கு இரக்கம் என்று நினைத்தேன். இப்போது அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நூலைப் பார்த்துவிட்டு அம்மா எழும்பி வந்தார்.

"தம்பி, உதால கொண்டு போகாதையுங்கோ. முருங்கைப் பக்கத்தால விடுங்கோ. அங்க வாழை நிக்குது, அதுக்குப் பாயட்டும்."

நான் சிரித்தேன். "அம்மா, இது கிணத்தடி இல்லை, பாத்ரூம். குழிக்குத்தான் விட வேணும். அந்தப் பக்கத்தால சுத்திக் குழிக்குப் போனா வாட்டம் காணாது, தண்ணி நிண்டிடும்."

"வாழைக்கு விட்டா என்ன தம்பி? முகம் கழுவுற தண்ணிதானே."

"பேந்து அதில நுளம்பு வந்து கடிக்கும், கெட்ட மணம் மணக்கும். நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்திட்டு, ஆர் இந்த வேலையைச் செய்தது எண்டு கேட்டா எனக்குத்தானே மரியாதைக் கேடு."

அம்மா மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் தெரிஞ்சாக்கள், செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். வதனி கதிரையைத் திருப்பிக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

இந்த இடத்தில் நில்லுங்கள். வீட்டுக்காரர் "உதால வேண்டாம்" என்று சொல்லி, காரணம் சொல்லாமல் விட்டால், அங்கே காரணம் இருக்கிறது என்று அர்த்தம். நான் பைப்பைப் பற்றி மட்டும் வாதாடினேன். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அவரைக் குசினி வாசலில் மறித்துத் தனியாகக் கேட்டிருக்கலாம், அரை நிமிசம் போதும்.

வேலை முடிந்தது. வதனி முதல்முதல் பேசினில் முகம் கழுவிய காலையில் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். மகள் தேவைக்கு மேல் இரண்டு தரம் மூன்று தரம் கழுவினாள். பிறகு குழாயைப் பூட்டிவிட்டு, "அம்மா, துவாய்" என்றாள். அம்மா துவாயைக் கொடுக்க மறந்து நின்றார். நானும் என் பங்குக்குப் பெருமையோடு நின்றேன்.

பத்து நாளில் மாரி பிடித்தது. மழை தொடங்கி நான்காம் நாள் அழைப்பு வந்தது. தண்ணீர் போகுதில்லையாம்.

போனேன். பேசினில் கால்வாசித் தண்ணீர், கரும்பலகையில் எழுதுகிற சோக் கலந்து வெள்ளையாய் நின்றது. எனக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது. "டீச்சர், சோக் கையோட வந்து கழுவுறியள். அதுதான் அடியில கட்டிக் கிடக்கு" என்றேன். கம்பி விட்டுக் குத்தினேன், தண்ணீர் போனது. அவள் "சரி அண்ணை, இனி வாளியில கையைக் கழுவிப்போட்டு வாறன்" என்றாள். பேசினில் முகம் கழுவ முன்னம் வாளியில் கை கழுவச் சொன்ன பைப்காரன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் மறுபடி நின்றது. திரும்பப் போனேன். இந்த முறை பேசினுக்குக் கீழே உள்ள வளைவுக் குழாயைக் கழற்றிப் புதிது போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோக்கும் தலைமயிரும் இவ்வளவு கெதியில் அடைக்காது. ஆனால் மண்ணைத் திறந்தால் பிழை என்னுடையது என்று தெரிந்துவிடும். மழை விடட்டும், பார்ப்போம் என்று நினைத்தேன்.

அம்மாவின் திகதிக்கு அப்போது ஆறு நாள் இருந்தது. போகும்போது சொன்னேன்.

"அம்மா, இது சின்ன அடைப்பு. நீங்கள் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கோ. வர முதல் நான் சரியாக்கி வைப்பன்."

"தண்ணி போகட்டும் தம்பி, நான் பிறகு போறன்."

எனக்குக் கோபம் வந்தது. என்ன பிடிவாதம் இது, ஒரு பேசினுக்காக உயிரை வைத்து விளையாடுகிறா என்று மனதுக்குள் திட்டினேன். கேற்றடியில் வதனி என்னை மறித்தாள்.

"அண்ணை, நீங்கள் அம்மாட்டைச் சொல்லுங்கோ, எல்லாம் சரியெண்டு. நான் வாளியில சமாளிப்பன். அவா இந்தத் திகதியை விடக் கூடாது."

அவள் சமாளித்த விதம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு முகம் கழுவுவாளாம். நின்ற தண்ணீரைக் கோப்பையால் அள்ளி அள்ளி வாளிக்குள் ஊற்றித் துணியால் மூடி வைப்பாளாம், அம்மா தண்ணீர் போகுது என்று நம்பட்டும் என்று. நாலாம் நாள் அம்மா அந்த வாளியைக் கண்டுவிட்டார். அதோடு ஆஸ்பத்திரிப் பையில் அடுக்கியிருந்த உடுப்பை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

திகதி போய்விட்டது.

செய்தி கேட்ட அன்று என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. அடுத்த நாள் பின்னேரம் நிலம் குத்துகிற அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். முன் ஹோலில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் யாரிடமும் கேளாமல் பின்னால் போய், பேசின் பைப் போகிற வழியைத் திறந்தேன். சுவரில் இருந்து ஏழெட்டு அடிவரை பைப் நான் வைத்த மாதிரியே கிடந்தது. அதற்கு அப்பால் தொய்ந்து கிடந்தது. நீர்மட்டத்தை மேலே வைத்தேன், குமிழி வீட்டுப் பக்கம் வரவில்லை, குழிப் பக்கம் ஓடியது, அதுதான் இப்போது உயரம். பொருத்து ஒன்று வாய் பிளந்து சேறு ஏறியிருந்தது. ஏன் இறங்கியது என்று பார்க்க, பைப்புக்குக் கீழே அலவாங்கைப் போட்டேன். அது பிடிப்பில்லாமல் உள்ளே போனது. கிளறினால் ஓட்டுத் துண்டு, தேங்காய்ப் பொச்சு, உக்கிய பனங்குற்றி ஒன்று. குற்றிக்குப் பக்கத்தில் துணி.

சீலைத்துணி. சண்டையின் கடைசி மாதங்களில் உரப்பை கிடைக்காமல் சனம் சீலையை வெட்டித் தைத்துத்தான் மண் மூட்டை கட்டியது, நானும் கட்டியிருக்கிறேன். கரையில் மஞ்சள் கோடு இன்னும் தெரிந்தது. அலவாங்கை ஒரு பக்கம் வைத்தேன்.

நிமிர்ந்தால் அம்மா நிற்கிறார். என்னையும் கிடங்கையும் பார்த்துவிட்டு அப்படியே ஈர மண்ணில் இருந்துவிட்டார்.

"மெதுவாக் கதையுங்கோ" என்றார். நான் ஒன்றுமே கதைக்கவில்லை.

குரலை அடக்கிக்கொண்டு அவரே சொன்னார். அந்தப் பங்கரில்தான் மகள் காயப்பட்டாள். அதற்குள்தான் அவருடைய புருசன் செத்தார். அவரைப் பக்கத்து வளவு மண்ணில் தாட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது வளவில் வீடு இல்லை, மரம் இல்லை, கிணறு மட்டும் இருந்தது, பங்கர் அரைகுறையாய் வாய் பிளந்து கிடந்தது. வதனி அப்போது வேறு ஊரில் சிகிச்சையில் இருந்தாள். அவள் வர முன்னம் இந்த அம்மா தனி ஒருத்தியாய்ப் பனையோலைக் கடகத்தால் அள்ளி அள்ளி மூடியிருக்கிறார். மண் காணாமல் உடைந்த ஓடு, பொச்சு, கிடைத்தது எல்லாம் போட்டிருக்கிறார். மகள் வந்து கேட்டபோது, றோட்டு அகலிக்க எடுத்த நிலத் துண்டோடு பங்கரும் போய்விட்டது என்று சொன்னாராம்.

"இந்த வளவுக்குள்ளதான் கிடக்கெண்டு தெரிஞ்சா, அவள் எப்பிடித் தம்பி இஞ்ச படுத்தெழும்புவாள்?"

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"பிள்ளைக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் கேக்கேல்லைத்தானே" என்றார்.

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். 

"வகுப்பு முடிய முதல் மூடிப்போடுங்கோ. பிள்ளை கண்டிடக் கூடாது" என்று எழும்பினார். நான் பழைய பைப்பை வெட்டி எறிந்துவிட்டு மண்ணைத் தள்ளினேன். அவர் வேண்டாம் என்று சொல்லக் கேளாமல், வயிற்றுக்குள் கட்டியோடு கடகம் கடகமாய் மண் கொண்டுவந்து போட்டார். முன்னால் வதனியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. சமன்பாடு ஒன்றை அடியிலிருந்து திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். நாலரைக்கு முடிகிற வகுப்பு என்று அம்மா சொன்னார், நல்லகாலம் அன்றைக்கு முடியவில்லை. நாங்கள் மேலே பச்சைக் குப்பையும் போட்டு மிதித்து, கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் பிள்ளைகள் சைக்கிளை எடுத்தார்கள்.

மறுநாள் முருங்கைப் பக்கச் சுவரைத் துளைத்துப் பேசின் பைப்பை வாழையடிக்கு விட்டேன். ஒன்பது அடி. தேவைக்கு மேல் வாட்டம் கிடைத்தது. கல் போட்டு ஒரு சின்னக் கிடங்கு, அதற்கு மேல் மண். நுளம்பும் வரவில்லை, மணமும் வரவில்லை. அரை நாள் வேலை. முதல் நாள் அந்த அம்மா சொன்ன வேலை அதுதான்.

அடுத்த திகதி தை முடிவில் கிடைத்தது. அம்மா போனார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். கட்டி பரவிவிட்டதாம். கார்த்திகையில் வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று நான் ஒரு டொக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியவில்லை. பங்குனி பிறக்க முன்னம் அம்மா போய்விட்டார். வார்ட்டில் பார்க்கப் போனபோது என்னிடம் கேட்டது ஒரே விசயம்தான்.

"தம்பி, தண்ணி போகுதோ?"

"ஓம் அம்மா, நல்லாப் போகுது."

தம்பிமார், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி முடிக்கிறேன், கடைசியில் சொல்லத் தெம்பிருக்காது. லேசரை வையுங்கள், நூலைக் கட்டுங்கள், எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் மண்ணுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் யார் இருந்தாலும், எந்தக் கோலத்தில் இருந்தாலும் கேளுங்கள். எல்லார் முன்னும் கேட்க முடியாவிட்டால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மனம் நோகும் என்று கேளாமல் விடாதீர்கள். நான் நோகக் கூடாது என்று விட்டதுதான் அந்த வீட்டில் அவ்வளவு நோவுக்கும் காரணம். ஒருமுறை தண்ணீர் திரும்பினால் வீட்டுக்காரரின் சோக்கைக் குற்றம் சொல்லாதீர்கள், அன்றைக்கே மண்ணைத் திறவுங்கள். என்னைப் போல நாள்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முப்பத்தோராம் நாள், அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குப் போனேன். சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு வதனி என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள். முதல் நாள் நான் நூல் கட்டியபோது இரண்டு பேரும் இருந்த அதே இடம். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கிணற்றடியில் இருந்து நான் கிண்டி மூடிய இடம்வரைக்கும் கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

"பதினெட்டு அடி அண்ணை."

எனக்கு விளங்கவில்லை.

"கிணத்தில இருந்து பங்கர் பதினெட்டு அடி. அப்பாதான் அளந்து வெட்டினவர். மற்றப் பக்கம் கயிறு பிடிச்சது நான்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உமக்குத் தெரியுமோ? எப்பவில இருந்து?"

"வந்த நாளில இருந்து தெரியும். வீடு மாறினாலும் கிணறு மாறேல்லைத்தானே. நீங்கள் பைப் போடேக்கையும் தெரியும், அது இறங்குமெண்டு. வாயைத் திறந்தா அம்மாக்கு விளங்கியிருக்கும், எனக்குத் தெரியுமெண்டு. அவா தனிய நிண்டு அவ்வளவையும் மூடினவா அண்ணை. நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. "அண்டைக்கு நாங்கள் கிண்டினது..." என்று தொடங்கினேன்.

"கேட்டது. அலவாங்குச் சத்தம் ஹோலுக்குள்ள கேட்டது. வகுப்பு முடியிற நேரம் வந்திட்டுது, நீங்கள் இன்னும் மூடேல்லை. படிப்பிக்கவும் ஒண்டும் மிச்சமில்லை." கதிரையின் சில்லைப் பிடித்துக் கொஞ்சம் முன்னுக்கு உருட்டினாள். "அதுதான் அந்தப் பழைய சமன்பாட்டையே திரும்பத் திரும்ப ஒரு மணித்தியாலம் படிப்பிச்சனான். அம்மா அவசரப்படாமல் ஆறுதலா மூடி முடிக்கட்டும் எண்டு."

பிறகு கதிரையைத் திருப்பிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் பூட்டவில்லை. நான் வெளியே நின்றேன். தண்ணீர் ஒருதரமும் நிற்காமல் வாழையடிக்கு வந்துகொண்டிருந்தது.